மல்லாட்டை மண்டிக்காரரின் ரீஃபண்டு

விழுப்புரத்தில் வருமான வரி ஆபீஸில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, திண்டிவனத்திலிருந்து ஒரு மல்லாட்டை மண்டிக்காரர் வருவார். கறுத்து அகன்ற உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் தோலோடு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். பேசிக்கொண்டே ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்குவார். உள்ளே பருப்பு ஆடினால் சரக்கு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

"நம்ம ரீஃபண்டு எங்க நிக்குது சார்?" என்று கேட்பார். பதில் வாங்காமல் நகரமாட்டார்.

ஒருநாள் அது வந்தே விட்டது. செக் வைத்த கவரை நீட்டினேன். அதையும் காதருகே வைத்துக் குலுக்கினார். காகிதம் என்ன பேசும்? கையெழுத்துப் போடாமல் நின்றார்.

"எதுக்கு சார் திருப்பித் தர்றீங்க?"

"வந்ததை வாங்கிக்கினு போங்களேன்."

"எடுத்தப்போ ஏன்னு சொல்லல. குடுக்கறப்பவாவது சொல்லுங்க."

எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் சொன்னேன். முந்தைய வருஷத்து வருமானத்தைப் பார்த்து முன்கூட்டியே வரி வாங்கினோம். பிறகு மழை பொய்த்தது, மண்டிக்குச் சரக்கு வரவில்லை, உங்கள் வருமானம் குறைந்தது. அதிகமாகக் கட்டியது இப்போது திரும்பி வருகிறது.

"அப்போ மழை பேஞ்சிருந்தா இது வந்திருக்காது?"

"வந்திருக்காது."

கவரை மேஜைமேல் வைத்துப் பேனாவை வாங்கினார். பிறகு அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார்.

"அப்படின்னா அடுத்த வருஷம் இது வராத மாதிரி யாவாரம் பண்றேன், பாருங்க."

மறுவருஷம் நல்ல மழை. அவர் வரவே இல்லை. ஒருவர் ரீஃபண்டு கேட்டு வரவில்லை என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.