தோழிக்கு யார் துக்கம் கேட்டார்கள்

தேவராஜ மார்க்கெட்டில் கமலம்மாளும் பசம்மாவும் பதினெட்டு வருஷம் அடுத்தடுத்து உட்கார்ந்து வெற்றிலை விற்றார்கள். பசம்மா கன்னடத்தில் திட்டுவாள். கமலம்மாள் தமிழில் திருப்பிக் கொடுப்பாள். தன் ஊர்க்காரனான ஆட்டோ ஓட்டும் முனிராஜைப் பசம்மாவுக்குப் பேசி முடித்தவளே கமலம்மாள்தான்.

பசம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு வருஷம் டயாலிசிஸ். போன ஆடியில் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் முனிராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கமலம்மாளைப் பார்த்து, வந்தவர்களுக்கு டீ போடச் சொன்னார்கள்.

தை மாதம் முனிராஜ் அவள் கடைமுன் வந்து நின்றான்.

"கமலாக்கா, வெத்தலை வேணுங்க. நிச்சயதார்த்தத்துக்கு."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். மீனான்னு. அவ வீட்டுக்காரரும் அதே ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு. பசம்மாவுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"அப்ப பசம்மா உசுரோட இருக்கறப்பவே பழக்கம்."

"அப்படியெல்லாம் இல்லைங்கக்கா. டீ வாங்கிக் குடுத்திருக்கேன். ஒரே பெஞ்சுல உக்காந்து அழுதிருக்கோம். அவ்வளவுதான்."

"நானுந்தான் அழுதேன். என்னை எந்தப் பெஞ்சுல உக்காரச் சொன்னே? ஆறு மாசத்துல ஒருக்கா வந்து எப்படி இருக்கேன்னு கேட்டியா? வெத்தலை வேணும்னதும் வழி தெரிஞ்சுதாக்கும்?"

வெற்றிலையில் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அவன் காலடியில் கொட்டினாள். எதிர்க்கடைக் கரியப்பன், போகட்டும் விடு என்று கன்னடத்தில் சமாதானம் சொல்ல வந்து, தானும் வாங்கிக் கட்டிக்கொண்டான். முனிராஜ் வேறு கடைக்குப் போனான். கல்யாணத்துக்கு அவள் போகவில்லை.

பங்குனியில் மீனா தனியாக வந்தாள்.

"வெத்தலைக்கு வரலைங்க. பசம்மக்காவைப் பத்திக் கேக்கலாம்னு வந்தேன். அவருகிட்டக் கேட்டா எந்திரிச்சுப் போயிடறாரு."

"உனக்கெதுக்கு?"

"அவங்க இருந்த வீட்டுல இருக்கறேன். எப்படிப்பட்டவங்கன்னு தெரிய வேண்டாங்களா? எங்க மொத வீட்டுக்காரரைப் பத்தியும் எங்கிட்ட இப்ப ஆரும் பேசறதில்லை. நான் மறந்துட்டேன்னு நெனைச்சுக்கறாங்க."

துரத்திவிடத்தான் கமலம்மாளுக்கு வாய் வந்தது. ஆனால் இந்த எட்டு மாதத்தில் பசம்மாவின் பேரைச் சொல்லி அவளிடம் கேட்டவள் இவள் ஒருத்திதான். கோபம் குறையாமலே ஆரம்பித்தாள்.

"திமிர் புடிச்சவ. என் சோத்தை எடுத்துத் தின்னுட்டு, உப்பில்லைன்னு என்னையே வைவா. மூணு மாசமா வயித்துவலின்னு பொய் சொல்லி, காலு வீங்கினதைச் சேலையில மறைச்சா. எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் இழுத்துட்டுப் போயிருப்பேன்ல…"

கூடையிலிருந்த வாடிய வெற்றிலையைக் கிள்ளி எறிந்தாள். "அப்புறங்க?" என்றாள் மீனா. கமலம்மாள் கடை கட்டும் வரை சொன்னாள்.

வெளியே முனிராஜின் ஆட்டோ வந்து நின்றது. "வாங்கக்கா, வீட்டுல விட்டுடச் சொல்றேன்," என்றாள் மீனா.

"நான் பஸ்ஸுல போய்க்கறேன். உம்மேல எனக்குக் கோவம் இல்லை. அவன் மேல இருக்கு. எப்பத் தீரும்னு தெரியாது."

"இருக்கட்டுங்க. நான் அடுத்த வாரம் வரட்டுங்களா?"

"செவ்வாய், வெள்ளியில வராதே. யாவாரம் இருக்கும்," என்றாள் கமலம்மாள்.