சைக்கிளுக்குப் பார்த்த கார்

அன்று திருத்தணிப் பட்டறையில் இருந்தவர்கள்: மெக்கானிக் காதர் பாய், காரை விற்க வந்த மிராசுதார், என் மனைவி கங்கம்மா, நான்.

யுத்தம் முடிந்த சமயம். பெட்ரோலுக்குக் கூப்பன். பொதட்டூர்பேட்டை லுங்கி மூட்டைகளோடு சைக்கிளையும் காருக்குள் வைத்து, ரோடு உள்ளவரை போய், அப்புறம் கிராமங்களில் சைக்கிளில் சுற்றி விற்பது என் யோசனை.

முதலில் பார்த்த காரில் சைக்கிள் நுழையவில்லை. மிராசுதாரின் கார் பழசு, விலை கட்டுப்படியானது. பின்சீட்டைக் கழற்றி ஏற்றினோம். முன்சக்கரம் மட்டும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி நின்றது.

“சக்கரத்தக் கழட்டிட்டா அந்த சீட்டு மிஞ்சும்ங்க,” என்றார் பாய்.

“தினமும் யாரு கழட்டி மாட்டிகினு இருக்கறது? அப்படியே இருக்கட்டும்,” என்றேன்.

“சைக்கிள் ஜம்முனு உக்காந்துகினு வரும். அம்மா எங்க உக்காருவாங்க?”

மிராசுதார் சிரித்தார். கங்கம்மாதான் பதில் சொன்னாள்.

“நான் நடந்து வந்துடறேன் பாய். பத்தொம்போது வருசமா அந்த சைக்கிள் பின்னால நடந்துகினுதானே இருக்கேன்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. கேரியரில் எப்போதும் மூட்டை இருக்கும். அவள் தலையில் இன்னொரு மூட்டை. அன்று காலையும் அப்படித்தான் வந்தோம். நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஸ்பானர் கேட்டு வாங்கி, சக்கரத்தை நானே கழற்றினேன். மிராசுதாரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, கங்கம்மாவிடம் “ஏறு” என்றேன்.

பட்டறையிலிருந்து எங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று அன்றுதான் கார் மீட்டரில் பார்த்தேன்.

ஏழு மைல்.