வைக்கோல் நெருப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், கலைஞர்களுக்கு உதவி தரும் அரசு அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தராக இருந்தேன். திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயில். அந்த அலுவலகத்துக்கு வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம், பரதம் இவ்வளவுதான் கலை. பறை என்று யாராவது விண்ணப்பித்தால், "இது கலை இல்லம்மா, சாதித் தொழில்" என்று மேலதிகாரி ஒதுக்கிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நச்சரித்து நச்சரித்து, தேர்வுக் குழு எங்கள் ஊருக்கு வந்த வருஷம் ஒரு பறைக்குழுவையும் பார்க்கச் சம்மதிக்க வைத்தேன்.

அந்தக் குழுவை நடத்தியவர் கனகம்மாசத்திரம் பக்கத்துச் சேரிக்காரர். உதவித்தொகைகூட அவருக்கு இரண்டாம்பட்சம்.

"எங்க நைனா காலத்துலருந்து, சாவுன்னு ஆள் வந்தா ஓடணும்மா. போவலைன்னா ஊர்ல இருக்க முடியாது. கலைஞர்னு கவர்மெண்டு ஒரு கார்டு குடுத்தா, வரமாட்டேன்னு சொல்ல ஒரு வாய் கெடைக்கும்" என்றார்.

தேர்வு, மலையடிவாரத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில். காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். முதலில் ஒரு மிருதங்க வித்துவான். மேடையில் உட்கார்ந்து நிதானமாக ரவையைப் பிசைந்து, தொப்பி என்கிற இடப்பக்கத் தோலில் அப்பினார். தட்டிப் பார்த்தார், கொஞ்சம் வழித்தெடுத்தார், மறுபடி அப்பினார். "அவசரமே இல்லை, நீங்க பாருங்க" என்று தேர்வுக் குழுத் தலைவரே தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

அடுத்தது பறை. முந்தின நாள் பெய்த மழையில் தோல் தொய்ந்து கிடந்தது. "வைக்கோல் கொண்டாந்துக்கிறோம் சாமி. வெளியே கொஞ்சம் காய்ச்சிக்கினு வந்துடறோம்" என்றார் அவர்.

"கூப்பிட்டதும் மேடையேறி வாசிக்கணும்பா. அதுதான் விதி" என்றார் தலைவர்.

வேறு வழியில்லாமல் அடித்தார்கள். ஈரச்சாக்கைத் தட்டியதுபோல் மொத்தென்றது. தலைவர் பேனாவை எடுத்தார்.

"ரவைக்கு அந்த விதி கிடையாதா சார்?" என்று கேட்டுவிட்டேன். எழுத்தர் பேசும் பேச்சா அது? மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. "அவருக்கு ரவை, இவங்களுக்கு நெருப்பு. ரெண்டும் சுருதிக்குத்தானே?" என்று சொல்லி, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். தேர்வுக் குழுவிலிருந்த நாட்டிய ஆசிரியை சிரித்துக்கொண்டே என் பின்னால் வந்தார். தலைவரும் வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தார்.

வைக்கோல் குப்பென்று பற்றியது. பறைகளைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு அடித்த அடி இருக்கிறதே, மலைப்படியில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். தலைவரின் கால் தானாகத் தாளம் போட்டது. அவர்கள் அடித்து முடித்தபோது தலைவரின் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. கார்டு கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே பறைக்காரரிடம் போனார். "பிரமாதம்பா. எங்கப்பா படுத்த படுக்கையா இருக்கார். அவர் போனா நீதான் வந்து அடிக்கணும். சொல்லி அனுப்பறேன்."

மனதாரத்தான் சொன்னார். ஒரு 'சரிங்க' போதும், கையெழுத்து விழுந்துவிடும். சொல்லிவிட வேண்டுமே என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அவர் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உங்க நைனா நல்லா இருக்கட்டும் சாமி. சாவுக்கு மட்டும் நான் வரமாட்டேங்க" என்றார்.

தலைவர் முகம் சுருங்கியது. பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பஸ் நிறுத்தம்வரை நானும் கூடப் போனேன்.

"இனிமே கார்டு வராதுல்லம்மா?" என்று கேட்டார்.

"வராதுங்க."

"ஆங். போவட்டும்" என்றார். "வாய் வந்துடுச்சு."