வக்கீலம்மாவும் எங்கள் செயலாளரும்

எங்கள் மூன்று பேரை வேலையைவிட்டுத் துரத்தியது கம்பெனி. அதையாவது பொறுத்துக்கொள்வேன். ஜெயிக்க இருந்த வழக்கை எங்கள் சங்கச் செயலாளரே வாபஸ் வாங்கினானே, அதுதான் இத்தனை வருஷமும் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது.

அந்த வழக்குக்கு நாயாய் அலைந்தவர் வக்கீலம்மா. சங்க வழக்கு என்றாலே மற்ற வக்கீல்கள் ஓடி ஒளிந்த காலம் அது. டயர் கம்பெனியில் பாதிப் பேரை கான்ட்ராக்ட் ஆக்கிவிட்டார்கள்; சங்கக் கூட்டத்தில் ஆட்களைவிட நாற்காலிதான் அதிகம். இந்த அம்மா மட்டும் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். பாதுகாப்புக் கம்பியைக் கழற்றிய பிரஸ் மெஷினை ஓட்டமாட்டோம் என்றதற்குத்தான் எங்களைத் துரத்தினார்கள். அது எப்படிக் கையைப் பிடிக்கும் என்று என்னை ரோட்டிலேயே நடித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கோர்ட்டில் வாயைத் திறந்தார்.

தீர்ப்புக்கு நாள் குறித்தாயிற்று. அப்போது பார்த்து மேனேஜர் செயலாளரைக் கூப்பிட்டான்.

"முதல்ல கேச வாபஸ் வாங்குங்க. மறுநாளே மூணு பேரையும் உள்ள எடுத்துக்கறேன்."

சங்கத்தின் பெயரில் போட்ட வழக்கு. செயலாளர் கையெழுத்தே போதும். போட்டுவிட்டான். வக்கீலம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோர்ட் வாசலில் கம்பெனி வக்கீல் இளித்தான். "சங்கமே செத்துப்போச்சு. இன்னும் யாருக்கும்மா இந்தக் கோட்டு?"

"எழவு வீட்டுக்கு வந்தா வாய மூடிட்டு உக்காரணும் சார்" என்றார் வக்கீலம்மா.

மறுநாள் நாங்கள் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு போனோம். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

"நல்லதுன்னு நெனச்சுதான்யா செஞ்சேன்" என்றான் செயலாளர்.

"உன் நல்லதுல இடி விழ!" என்றேன். அத்தோடு அவன் முகத்தில் விழிக்கவில்லை.

போன வருஷம் அவனையும் கம்பெனி துரத்தியது. எனக்கு வயிறு குளிர்ந்தது. அந்தச் சமயம் வக்கீலம்மா ஆஸ்பத்திரியில், எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தார். பார்க்கப் போனேன்; அவரை நான் உயிரோடு பார்த்தது அதுவே கடைசி.

"உங்க செயலாளர் எங்கப்பா?" என்றார்.

"எங்கயாவது மூஞ்சிய மறைச்சுக்கிட்டுத் திரிவான். நல்லா வேணும்மா அவனுக்கு."

"மேனேஜர் குடுத்த வாக்குக்கு அவன் ஒருத்தன்தான் சாட்சி. இனிமே அவனுக்கு என்ன பயம்? ஏமாத்தித்தான் கையெழுத்து வாங்கினாங்கன்னு அவன் சொன்னா, உங்க கேச திரும்ப எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். ஜூனியர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"அவன் வீட்டுப் படிய நான் மிதிக்கணுமா?"

"என்னால முடிஞ்சா நானே போயிருப்பேன். நீ போய்க் கூட்டிட்டு வா. வர்ற வழியில கைய கிய நீட்டிடாத. சாட்சி எனக்கு முழுசா வேணும்."