காற்று விட்டால் வருவன்

எழுவைதீவில் இருந்துகொண்டே கணினிப் பாடத்தில் 'ஏ' எடுத்தவள். திரை வெடித்த போனிலேயே புரோகிராம் எழுதப் பழகியவள். மாவட்டப் போட்டியில் பட்டணத்துப் பிள்ளைகளை முந்தி இரண்டாம் இடத்துக்கு வந்தவள். இத்தனை இருந்தும், வள்ளம் கரையை விட்டதும் கஜாலினி கண்ணை இறுக்கி மூடிவிடுவாள். மறுகரை தட்டும்வரை அண்ணன் நிசாந்தனின் சேர்ட் நுனி அவள் பிடிக்குள் கசங்கும்.

"கண்ணைத் திற. கடல் உன்னைக் கடியாது."

"கதைக்காதேங்கோ அண்ணை, வள்ளம் ஆடுது."

யாழ்ப்பாணத்து மென்பொருள் நிறுவனம் ஒன்று அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. எட்டாம் வகுப்போடு வலை பிடிக்கப் போன நிசாந்தன், அவளுடைய சான்றிதழ்களை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோனான். சோளகக் காற்று கடலைத் தூக்கியடிக்கும் காலம். அவன் வாசலில் காத்திருந்தான். அவள் முகம் வெளிறி வெளியே வந்தாள்.

"கேட்டதெல்லாம் செய்து காட்டினனான். கடைசியிலதான், ஒவ்வொருநாளும் எட்டரைக்கு வருவீரோ எண்டு கேட்டவை."

"நீ என்ன சொன்னனீ?"

"காத்து விட்டால் வருவன் எண்டனான்."

நிசாந்தனுக்கு அதில் பிழை தெரியவில்லை. 'வருவேன்' என்று அடித்துச் சொல்லிவிட்டு அவர்கள் ஊரில் எவரும் கடலில் இறங்குவதில்லை. அப்படிச் சொன்ன சிலர் வரவுமில்லை.

"சிரிச்சவை அண்ணை. 'கெட்டிக்காரிதான், ஆனால் காத்தைக் கேட்டு ஆளெடுக்க ஏலாது' எண்டார் ஒருத்தர்."

"டவுணில அறை எடுத்து நிப்பன் எண்டிருக்கலாமே?"

"அது இப்பதான் ஓடுது."

வள்ளத்தில் திரும்பும்போது அவள் அவன் சேர்ட்டைப் பிடிக்கவில்லை. கைகளை மடியில் போட்டபடி வெறுமனே இருந்தாள். அதுதான் அவனைக் கலக்கியது. அதன்பின் அவள் துறைப் பக்கமே வரவில்லை. வேறொரு நிறுவனம் கூப்பிட்டபோதும், "எனக்கு ஏலாது" என்றாள். எந்த அலைக்கும் அஞ்சாதவன் அந்தச் சொல்லுக்கு அஞ்சினான். இனி இவள் தீவைவிட்டு அசையவே மாட்டாளோ?

அந்த நிறுவனம் குறித்த நாளன்று காலையிலேயே கடல் நுரைத்துக் கிடந்தது. ஆனாலும் அவள் சான்றிதழ்ப் பையோடு வெளிக்கிட்டு வந்து நின்றாள்.

"நீங்கள் வரவேண்டாம் அண்ணை. நீங்கள் பக்கத்தில இருந்தால் எனக்குப் பயப்பிட வசதியாப் போகுது."

அவன் துறைவரைக்கும் போனான். வள்ளம் ஏறுவோர் அங்குள்ள பெயர்க் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். அவளுக்கும் சேர்த்து இதுவரை அவனே வைத்துவந்தான். பழக்கத்தில் கை நீட்டினான். அதற்குள் அவள் பேனையை எடுத்திருந்தாள். அழுத்தி எழுதினாள்:

வி. கஜாலினி, 18.07.2024.