வராமலே வகுப்பேறியவர்கள்

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இரண்டு பேர் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட வகுப்புப் பக்கம் வராமல், ஒரு சொல்கூட எழுதிக் காட்டாமல், என்னைத் தாண்டி ஏறிப் போனவர்கள் அவர்கள். பெரியப்பாவின் மகள்கள்.

எண்பதுகளின் கடைசியில் சுவிஸில், லாங்கன்தால் என்ற ஊரில் நாங்கள் இருந்த வீட்டின் குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பெரிய மண்ணிறத் தாள் ஒட்டியிருந்தது. எங்களோடு இருந்த பெரியப்பா, அப்பாவின் தமையன், பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைகளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவர். தாள் அங்கிருந்து வந்தது. ஊரில், யாழ்ப்பாணத்தில், அவர் கல்விக் கந்தோரில் கோப்புகள் எழுதும் லிகிதராக இருந்தவர். எந்த ஊருக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை வாங்கு, மேசை, எத்தனை வாத்திமார் என்று திட்டம் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? அடிமட்டம் வைத்துக் கட்டங்கள் கீறி, தமிழ் வகுப்புக்குப் பத்து வருடத் திட்டம் போட்டுவிட்டார். முதல் வருடம் ஓர் அறை, இரண்டு வகுப்பு. பத்தாம் வருடம் பத்து வகுப்பு. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளெல்லாம் ரயிலேறி வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பென்சிலால் எழுதப்பட்டு வருடத்துக்கு ஒரு கட்டம் மேலே போனது. தவழ்ந்து திரிந்த என் தம்பிக்கும் எதிர்காலத்தில் ஒரு கட்டம் இருந்தது. பல் முளைக்க முன்னமே படிப்பு!

நகரப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் புதன் பின்னேரங்களில் ஓர் அறை தரச் சம்மதித்தார். சுவிஸ் பிள்ளைகளுக்கு அந்த நேரம் பள்ளிக்கூடம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, பன்னிரண்டு பிள்ளைகளாவது வேண்டும். குறைந்தால் அறை இல்லை. அறை இல்லையென்றால் சுவரில் இருக்கிற திட்டத்தைக் கிழித்து அடுப்பில் போட வேண்டியதுதான்.

எத்தனை தரம் எண்ணியும் நாங்கள் பத்துப் பேர்தான். பெரியப்பா பென்சிலைச் சீவினார். பிறகு பதினோராவதாகவும் பன்னிரண்டாவதாகவும் தன் இரண்டு மகள்களின் பெயர்களை எழுதினார். அவர்கள் பெரியம்மாவோடு யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள்.

“அண்ணை, அதுகள் இஞ்சை இல்லையே” என்றார் அப்பா.

“வகுப்புத் தொடங்கேக்கை வந்திடுங்கள்.”

பெரியப்பாவின் அகதி விண்ணப்பத்துக்குத் தலைநகர் பேர்னிலிருந்து நல்ல பதில் வந்தால் அவர்களைக் கூப்பிடலாம். வகுப்புத் தொடங்கிவிட்டது. பதில் வரவில்லை.

அம்மாதான் எங்களுக்கு ஆசிரியை. இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். அந்த இரண்டு பெயர்களை விட்டுவிட்டுப் போனால், வேலை முடிந்து வந்து பின் கதிரையில் இருக்கும் பெரியப்பா மெல்லச் செருமுவார். அம்மா திரும்பிப் போய் அவற்றையும் கூப்பிடுவார். நாங்கள் எல்லாரும் இரண்டு வெறுங் கதிரைகளைப் பார்ப்போம். மூத்தவள் என் வயதுக்காரி. அவளுடைய கதிரை எனக்குப் பக்கத்தில் இருந்தது.

வருட முடிவில் பரீட்சை வந்தது. சொல்வதெழுதலில் நான் மண் கவ்வினேன். அம்மா என்றால் அம்மாதான், சொந்த மகள் என்று அரை மாக்ஸ்கூடக் கூட்டிப் போடவில்லை. அன்று பின்னேரம் பெரியப்பா தாளில் எல்லாரையும் ஒரு கட்டம் ஏற்றினார், என்னைத் தவிர. மூத்தவள் மூன்றாம் வகுப்பு. என்னை விட இரண்டு வயது குறைந்த இளையவள் இரண்டாம் வகுப்பு, எனக்குச் சமமாக!

“அத்தான், வராத பிள்ளையளை எப்பிடி வகுப்பேத்திறது?” என்று அம்மாவே கேட்டார்.

“அங்கை படிச்சுக்கொண்டுதானே இருக்குதுகள்” என்றார் பெரியப்பா. “பாஸ்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான்.

அடுத்த வருடத்தின் முதல் புதன்கிழமை தலைமை ஆசிரியர் வகுப்பைப் பார்க்க வந்தார். விரலால் எங்களை எண்ணினார். பத்து. இடாப்பைப் பார்த்தார். பன்னிரண்டு. பெரியப்பா எழுந்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், அந்த இரண்டு பேருக்கும் சுகமில்லை என்றார். அவருடைய காது சிவந்திருந்தது.

நான் எழும்பினேன். என்னுடைய ஜெர்மன் அவருடையதை விட எவ்வளவோ நல்லது. அவர்களுக்குச் சுகமில்லாமல் இல்லை, அவர்கள் இங்கே இல்லவே இல்லை, இலங்கையில் இருக்கிறார்கள், ஒரு நாளும் வந்ததில்லை, வராமலே இரண்டு பேரும் பாஸ், நான் மட்டும் பெயில் என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன்.

அம்மாவின் கையிலிருந்த சோக் கட்டி கீழே விழுந்தது. தலைமை ஆசிரியர் பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு என்னிடம், எப்போது வருவார்கள் என்று இவரிடம் கேள் என்றார்.

“பெரியப்பா, அதுகள் எப்ப வருங்கள் எண்டு கேக்கிறார்.”

பெரியப்பா இடாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “தெரியாது எண்டு சொல்லு, பிள்ளை.”

சொன்னேன். தலைமை ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார். அறை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் அதில் பன்னிரண்டு என்று எழுதி, பெரியப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எண்ணத் தெரியாத மனுசனை யார் தலைமை ஆசிரியராக்கினார்கள் என்று நான் யோசித்தேன்.

வீட்டில் எனக்கு அடி நிச்சயம் என்று பயந்துகொண்டு போனேன். பெரியப்பா ஏசக்கூட இல்லை. நேரே குசினிக்குப் போய், அழிறப்பரை எடுத்து, தாளில் தன் மகள்களின் பெயர்களை அழித்தார். மூத்தவளைத் திரும்ப இரண்டாம் வகுப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார். இளையவளை முதலாம் வகுப்புக்கு இறக்கினார்.

“நீ சொன்னது சரிதான். மூத்தவள் உன்னோடையே இருந்து படிக்கட்டும்.”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியவர், கனநேரம் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

திட்டம் பலித்தது. பத்து வருடம் ஆக முன்னமே பிள்ளைகளுக்கு அறைகள் போதாமல் போயின. பெரியப்பாவின் மகள்களும் வந்தார்கள். அப்போது மூத்தவளுக்குப் பதினேழு வயது. அவள் படிக்கக்கூடிய வகுப்பு எதுவும் அந்தத் தாளில் மிச்சமிருக்கவில்லை.

வந்து இறங்குகிற நாளில் அவரவர் வயதுக்குரிய கதிரை காத்திருக்க வேண்டும் என்றுதான் மனுசன் அவர்களை வகுப்பேற்றியிருக்கிறார். அன்று குசினியில் அவர்களை ஒரு வகுப்புக் கீழே இறக்கியபோது, போன வருடம் தன் பிள்ளைகள் தன்னோடு இருக்கவில்லை என்பதை முதல் தடவையாகத் தன் கையாலேயே எழுதினார். எனக்கு அப்போது எங்கே அது விளங்கியது? நீதி கிடைத்துவிட்டது என்று நான் குசினி முழுக்கத் துள்ளிக் குதித்தேன். பெரியப்பா தாளில் விழுந்திருந்த அழிறப்பர்த் தூளை ஊதிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.