பட்டையில் இருந்த முகம்

அவரை எல்லோரும் வேன்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு சுருட்டுக் கம்பெனியின் வெள்ளை வேனை இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டியவர். கிடங்கில் பெட்டிகளை ஏற்றுவார். கடை கடையாக இறக்கிக் கையெழுத்து வாங்குவார். சுருட்டை ஒருநாளும் பற்ற வைத்ததில்லை. புகை பட்டாலே இருமல் வந்துவிடும். அவருக்குப் பிடித்தது வேன்தான். கிடங்கில் ஆளுக்கு ஆள் அதிகாரம் செய்வார்கள். வீட்டில் இருந்த இரண்டு அறைகளில் ஒன்றை மனைவியின் தையல் மிஷின் பிடித்துக்கொண்டது. வேனில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் திருகினால் அதன் பிறகு அவர் வைத்ததுதான் சட்டம்.

பழைய முதலாளி இருந்தவரை கம்பெனி மலிவுச் சுருட்டுதான் விற்றது. மகன் பொறுப்புக்கு வந்ததும் விலை உயர்ந்த சரக்கில் இறங்க ஆசைப்பட்டு, விளம்பரத்துக்கென்று ஒரு பெண் மேலாளரை நியமித்தார். கெட்டிக்காரி. இலை பழைய இலையேதான். கொஞ்சம் நல்லதாகப் பொறுக்கி, கொஞ்சம் அதிக நாள் ஊறப்போட்டார்கள். மற்றதெல்லாம் அந்த அம்மாவின் கைவண்ணம். தகரப் பெட்டி போய் வாசனை மரப்பெட்டி வந்தது. பெட்டிக்குப் பெட்டி வரிசை எண் போட்டு, இந்த வருடத்தோடு சரி, இனிக் கிடைக்காது என்று எழுதினார்கள். பிரியர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கி, உறுப்பினர் அட்டையும் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு குறை, ஸ்தாபகர் இல்லை. நூறு வருடப் பாரம்பரியம் என்று அச்சடித்தாகிவிட்டது, காட்டுவதற்கு ஒரு முகம் வேண்டுமே. பழைய முதலாளியின் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தார்கள். கடன் கேட்க வந்தவர் போல இருந்தார். அந்த நேரத்தில்தான் வேன்காரர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நரைத்த அடர்ந்த மீசை, ஒட்டிய கன்னம், நெற்றியில் உழுதாற்போல் மூன்று கோடு.

"அண்ணே, அதை இறக்கி வச்சிட்டுக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றார் மேலாளர்.

நாடக உடை வாடகைக் கடையிலிருந்து பாச்சா உருண்டை நெடியோடு ஒரு கறுப்புக் கோட்டு வந்தது. அடுத்த மாதம் ஒவ்வொரு சுருட்டிலும் சுற்றிய தங்கக் கரைக் காகிதப் பட்டையில் வேன்காரரின் முகம் இருந்தது.

மனைவியின் தம்பி அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என்ன மச்சான், ஊரே உங்க மூஞ்சியைச் சுத்திப் புகை விடுதா?"

"உன் மூஞ்சியைப் போட்டா பெட்டியப் பாத்ததும் கடையைச் சாத்திட்டுப் போயிடுவான்டா."

சிரிப்பு கொஞ்ச நாள்தான். ஒரு கடையில் வாடிக்கையாளர் ஒருவர் பட்டையைப் பார்த்தார், பெட்டி இறக்குகிறவரைப் பார்த்தார், மறுபடி பட்டையைப் பார்த்தார். கடைக்காரர் கம்பெனிக்குப் போன் செய்தார். கதைப்படி ஸ்தாபகர் செத்து எத்தனையோ வருடம். அவர் காக்கிச் சட்டையில் வந்து கையெழுத்து கேட்டால் எப்படி?

"இனி நீங்க ரோட்டுல இறங்க வேண்டாம்ணே. கிடங்குலயே இருங்க" என்றார் மேலாளர்.

அதோடு வேன்காரர் பின்னறையில் பெட்டிகளுக்கு எண் ஒட்ட உட்கார்ந்தார். வேன் ஒரு குள்ளமான இளைஞன் கைக்குப் போனது. அவன் கியர் மாற்றும் கறகறப்பு சுவரைத் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். வேனைத் திருப்பிக் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்ணே" என்ற பதில்தான் வந்தது.

பிறகு பிரியர்களுக்கான மாலை விருந்து ஏற்பாடாயிற்று. ஸ்தாபகரின் பேரனாக அவர் வந்து நிற்க வேண்டும். தாத்தாவின் சாயல் பேரனுக்கு இருப்பது இயற்கைதானே.

"நீங்க பேசவே வேண்டாம். தலையை ஆட்டினா போதும்."

"வந்தா வேனைத் தருவீங்களா மேடம்?"

"அது வேற, இது வேறண்ணே."

வீட்டில் மனைவி கோட்டின் பொத்தானை இறுக்கித் தைத்துக்கொண்டே கேட்டாள். "பொய் சொல்லத்தானே கூட்டிட்டுப் போறாங்க?"

"நான் வாயையே தொறக்கப் போறதில்ல."

"அதையும் இந்தக் கண்ணால பாத்துட்டாப் போதும், ஜென்மம் கடைத்தேறிடும்."

விருந்து நடந்த அறையில் தோல் நாற்காலிகளும் மங்கிய விளக்குகளும் இருந்தன. சின்னக் கத்தரியால் சுருட்டின் நுனியை நறுக்கி, மூக்கருகே உருட்டி, முதலில் மரவாசனை, அப்புறம் மிளகு, கடைசியில் காப்பி என்று பேசிக்கொண்டார்கள். வேன்காரர் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார். பல் மருத்துவர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா இதைத்தான் சார் பிடிப்பார். என் கல்யாணத்தன்னிக்கு இதுல ஒண்ணுதான் எனக்குக் கொடுத்தார். இதே பட்டை, இதே முகம்."

அந்தப் பட்டை பிறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மருத்துவருக்கோ தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது நிஜம். வேன்காரர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாவின் புன்னகை இம்மிகூட அசையவில்லை.

வேன்காரருக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒன்று வேலை போகும், இல்லை வேன் வரும். எப்படியும் எண் ஒட்டுவது ஒழியும் என்று தோன்றியது.

"ஐயா, நான் தாத்தாவும் இல்ல, பேரனும் இல்ல. இந்தப் பெட்டிய வேன்ல ஏத்தி இறக்குற டிரைவர். இப்ப வேனையும் புடுங்கிட்டாங்க. எனக்கு வேன் வேணும், அவ்வளவுதான்."

மேலாளரின் முகம் வெளிறியது. பிறகு மருத்துவர் கை தட்டினார்.

"பாத்தீங்களா! இவ்வளவு பெரிய குடும்பத்துல பொறந்துட்டு, தானே வேன் ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கார்! அதைச் சொல்லிக்கக்கூட மாட்டேங்கறார்!"

"இல்லீங்க, நெசமாவே..."

"இந்த அடக்கம் இன்னிக்கு யாருக்கு வரும்?"

அறை முழுக்கக் கைதட்டல். "சாருக்கு ஏன்மா வேனைத் தர மாட்டேங்கறீங்க?" என்று மூலையிலிருந்து ஒருவர் அதட்டினார். மேலாளருக்குப் போன ரத்தம் திரும்பி வந்தது. "அடுத்த மாசத்துலேருந்து உறுப்பினர்கள் வீட்டுக்கு அவரே நேர்ல கொண்டுவந்து கொடுப்பார்" என்று அறிவித்தார்.

திரும்பி வரும்போது காரில் வேன்காரர்தான் முதலில் பேசினார். "நான் உள்ளதைத்தான் சொன்னேன் மேடம். ஒருத்தரும் நம்பலையே."

"அதுக்கு நாம என்னண்ணே பண்ண முடியும்?"

அவர் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். "பழைய வெள்ளை வேன்தானே?"

"அதேதான். ஆனா கோட்டு போட்டுக்கணும்."

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை வேன்காரர் உறுப்பினர்களின் வாசலில் பெட்டியோடு நின்றார். தொடக்கத்தில் கதவு திறந்தவர்களிடமெல்லாம் தான் டிரைவர் என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் சிரித்து, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நாளடைவில் சொல்வதை விட்டுவிட்டார்.

வேன் திரும்பக் கிடைத்த அன்று காலை, கோட்டைக் கழற்றிப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டினார். இளைஞன் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கிடக்கும்படி இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருந்தான். அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அதைப் பின்னுக்குத் தள்ளி, தன் காலுக்குச் சரியாக நிறுத்தி, சாவியைத் திருகினார்.